சோற்றுக்கு ஓர் எழுத்து, பேருக்கு ஓர் எழுத்தா?

பெங்களூரு தொம்மலூரில் உள்ள சொக்கநாதசாமி கோயிலின் கற்களில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ் இன்னும் இருக்கிறது. யார் கோயிலுக்கு நிலைக்கால் கொடுத்தார், எந்த ஊரின் வருவாய் இறைவனுக்கு எழுதிவைக்கப்பட்டது என்பவையே அதில் உள்ள சேதி. ஒய்சள அரசன் வீர ராமநாதன் பெயரும் அங்கே வருகிறது. கல்வெட்டியல் அறிஞர் பி.எல்.ரைஸ் இவற்றைப் படியெடுத்து, 1905இல் வெளியான ‘எபிகிராபியா கர்னாடிகா’ பெங்களூர் மாவட்டத் தொகுதியில் சேர்த்தார். அந்த வரிகளைக் கல்லில் இறக்கியவர் யாரோ சொன்னதைக் கூலிக்கு எழுதியவர்தான். பெயர் தப்பக் கூடாது, அளவு தப்பக் கூடாது, கல்லில் இடம் வீணாகக் கூடாது என்ற மூன்று கட்டுப்பாடுகளுக்குள் அவர் வேலை செய்தார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் யார் இருந்தார்கள், என்ன மொழி புழங்கியது என்று இன்று நமக்குத் தெரிவது அந்தக் கூலி எழுத்தால்தான்.

அதே தொம்மலூரில் இன்று எழுத்து இரண்டு இடங்களில் நடக்கிறது. 2019 முதல் இங்கே இயங்கும் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் அரங்கில் நாவலாசிரியர்களும் கவிஞர்களும் மேடையேறுகிறார்கள். உள்வட்டச் சாலையிலும் பழைய விமான நிலையச் சாலையிலும் உள்ள அலுவலகங்களில், ‘கன்டென்ட் ரைட்டர்’ என்ற பெயரில் இளைஞர்கள் நாள் முழுதும் எழுதுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் இருப்பதும் உண்டு. ஆனால், புத்தகத்தின் பின்னட்டைக் குறிப்பில் பகல் வேலை பெரும்பாலும் ‘தனியார் நிறுவனத்தில் பணி’ என்ற மூன்று சொற்களில் ஒளிந்துகொள்ளும். பத்திரிகை அலுவலகத்தில் வேலை செய்யும் கவிஞருக்கும் இதே கூச்சம் இருக்கிறது. ‘பேப்பரில் சேர்ந்துவிட்டான், இனி அவன் எழுதினமாதிரிதான்’ என்பது தமிழ் இலக்கிய வட்டங்களில் பழகித் தேய்ந்த பேச்சு. சோற்றுக்கு எழுதுவது வேறு, பேருக்கு எழுதுவது வேறு. முதலாவது இரண்டாவதைத் தின்றுவிடும் என்பது இந்தப் பேச்சின் சாரம்.

இந்தக் கருத்து தவறு என்பதோடு, அதைச் சொல்கிறவர்களுக்கே கேடு செய்வதும்கூட என்று கருதுகிறேன். தன் தொழிலைத் தானே இளப்பமாகப் பேசுகிறவர் அந்தத் தொழிலுக்கு நியாயமான கூலி கேட்க முடியாது. எழுத்தாளர்கள் பத்திரிகை வேலையை ‘தற்காலிகமாகத் தலையை நுழைத்த இடம்’ என்று சொல்லிக்கொள்ளும்வரை, அந்த இடத்துக்குத் தற்காலிகச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு நல்ல சாக்கு கிடைத்துவிடுகிறது.

இதற்கு எதிர்ச்சான்றைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பெங்களூரிலேயே பி.லங்கேஷ் இருந்தார். ஷிமோகா மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். பெங்களூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ‘சங்கிராந்தி’ நாடகத்தை எழுதியவர். போதலேரின் கவிதைகளைக் கன்னடத்துக்குக் கொண்டுவந்தவர். ‘பல்லவி’ படத்துக்காகச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றவர். கன்னட நவீன இலக்கியத்தில் இடம் உறுதியாகிவிட்ட ஒருவர், நாற்பத்தைந்து வயதில், 1980இல், ‘லங்கேஷ் பத்ரிகே’ என்ற வார இதழைத் தொடங்கினார். விளம்பரமே வாங்குவதில்லை, வாசகர் கொடுக்கும் காசில்தான் இதழ் நடக்கும் என்று முடிவுசெய்தார். அப்போது முதலமைச்சராக இருந்த குண்டுராவின் ஆட்சியை வாரந்தோறும் கேள்வி கேட்டார். 1983 தேர்தலில் காங்கிரஸ் கர்நாடகத்தில் முதன்முறையாக ஆட்சியை இழந்ததைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த இதழைக் குறிப்பிடாமல் போவதில்லை.

ஓர் இலக்கியவாதி வார இதழ் ஆசிரியரானால் இலக்கியத்துக்கு அவர் இழப்பு என்று கணக்குப் போடுகிறவர்கள், லங்கேஷின் அடுத்த இருபது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும். ‘நீலு’ என்ற பெண்குரலில் அவர் எழுதிய குறுங்கவிதைகள் அந்த இதழின் பக்கங்களில் வந்தவை. அவருடைய ‘டீகே டிப்பணி’ பத்தி கன்னட உரைநடையின் முக்கியமான சேகரங்களுள் ஒன்றாக இன்று படிக்கப்படுகிறது. 1993இல் அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது பெற்றுத்தந்த ‘கல்லு கரகுவ சமய’ சிறுகதைத் தொகுப்பு, வாரந்தோறும் இதழ் முடித்துக் கொடுத்த அதே காலத்தின் விளைச்சல். அந்த இதழின் காரம் சில சமயம் தனிமனிதத் தாக்குதலாக இறங்கியது என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், எழுத்து அங்கே மழுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் மகள் கௌரி லங்கேஷ் தன் வார இதழின் ஆசிரியராக இருக்கும்போதே 2017 செப்டம்பர் 5 அன்று தன் வீட்டு வாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயிற்றுப்பாட்டு வேலை என்று தள்ளிவிடக்கூடிய தொழிலில் யாரும் அப்படி உயிர் கொடுப்பதில்லை.

லங்கேஷ் செய்த இன்னொரு காரியம் இந்த விவாதத்துக்கு அதைவிட முக்கியமானது. அவர் புதியவர்களை அழைத்து, உங்கள் ஊரைப் பற்றி நீங்களே எழுதுங்கள் என்றார். காசர்கோட்டில் பிறந்த சாரா அபூபக்கரின் ‘சந்திரகிரிய தீரதல்லி’ அந்த இதழில்தான் தொடராக வந்தது. ஹாசனைச் சேர்ந்த பானு முஷ்தாக் 1980களில் பல ஆண்டுகள் ‘லங்கேஷ் பத்ரிகே’யின் செய்தியாளராக இருந்தார். பின்னர் வழக்கறிஞரானார். அவருடைய கதைகள், தீபா பஸ்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘ஹார்ட் லேம்ப்’ என்ற தொகுப்பாகி, 2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றன. கன்னட மொழிக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அந்தக் கதைகளில் வரும் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியும், ஜீவனாம்சம் கேட்டு அலையும் மனைவியும், பிள்ளைகளோடு வாசலில் நிற்கும் தாயும் கற்பனையில் மட்டும் பிறந்தவர்களாகத் தோன்றவில்லை. மனு எழுதிக் கொடுத்தவருக்கும், சம்பவ இடத்துக்குப் போய்ப் பெயரும் வயதும் கேட்டுக் குறித்துக்கொண்டவருக்கும் மட்டுமே அமையும் நுணுக்கம் அவற்றில் இருக்கிறது.

தமிழில் கதை இன்னும் பழையது. 1904இல் ‘சுதேசமித்திர’னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்த பாரதிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, ஆங்கிலத் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழில் பெயர்ப்பது. அலுப்பான வேலைதான். ஆனால், உலகத்தில் நேற்று நடந்ததை இன்று சாயங்காலம் ஒரு மளிகைக் கடைக்காரருக்குப் புரியும்படி சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு முன் தமிழ்க் கவிஞர் எவருக்கும் வந்ததில்லை. அரசவைக்கும் மடத்துக்கும் எழுதிய மரபில் வந்த ஒருவர், முகம் தெரியாத ஆயிரம் பேருக்கு எழுதக் கற்றுக்கொண்டது அந்த மேசையில்தான். 1906இல் ‘இந்தியா’ வார இதழ், அதில் கருத்துப்படம், பின்பு புதுச்சேரி வாழ்க்கை, கடைசியில் 1920இல் திரும்பவும் ‘சுதேசமித்திரன்’. 1921 செப்டம்பரில் உயிர் பிரியும் இரவில்கூட, அமானுல்லா கானைப் பற்றிக் கட்டுரை எழுதி மறுநாள் அலுவலகம் கொண்டுபோக வேண்டும் என்று அவர் சொன்னதாக உடனிருந்தவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். இலக்கியம் தனக்குத் தாய்வீடு, பத்திரிகை மாமியார் வீடு என்று அவர் பிரித்துவைக்கவில்லை. நாம்தான் அவருக்காகப் பிரித்துவிட்டு, கவிதைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் கட்டுரைகளை ஆய்வாளர்களுக்கும் ஒதுக்கினோம்.

‘தேசபக்தன்’, ‘நவசக்தி’ இதழ்களின் தலையங்கங்களில் திரு.வி.க. தொழிலாளர் பிரச்சினையையும் அரசியலையும் தமிழில் பேச வைத்தார். கல்கி எழுத்துப் பயின்றது அந்த ‘நவசக்தி’ அலுவலகத்தில். கு.அழகிரிசாமி 1950களில் கோலாலம்பூர் ‘தமிழ் நேச’னில் பணியாற்றியபோது, அங்குள்ள இளைஞர்களுக்கு இலக்கிய வட்டம் நடத்தி மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு தலைமுறையையே உருவாக்கினார். கொழும்பு ‘தினகர’னின் ஆசிரியராக க.கைலாசபதி இருந்தது சில ஆண்டுகளே. ஈழத்து எழுத்துக்கு அந்தப் பக்கங்கள் திறந்தது அந்தச் சில ஆண்டுகளில்தான். மைசூரில் ஆர்.கே.நாராயண் நீதிக்கட்சியின் ‘ஜஸ்டிஸ்’ நாளிதழுக்கு உள்ளூர் நிருபராக இருந்து, அச்சான செய்தியின் நீளத்துக்கு ஏற்பக் கூலி வாங்கினார். நீதிமன்றமும் நகராட்சிக் கூட்டமும் சந்தையுமாக அவர் அலைந்த அலைச்சலை மால்குடியின் தெருக்களில் அடையாளம் காணலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதுவும் இந்த நகரத்திலிருந்தே வருகிறது. எழுத்தாளருக்கு நல்லது மொழியோடு தொடர்பே இல்லாத வேலைதான். பகலில் சொற்களைச் செலவழித்தால் இரவில் மிச்சம் இருக்காது என்பது அந்த மறுப்பு. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கேற்ற சுஜாதா, தொலைபேசித் துறையில் பணியாற்றியபடி கதைகளும் எழுதி, கன்னடத்திலிருந்து எஸ்.எல்.பைரப்பாவின் ‘பருவம்’ உட்படப் பல நூல்களைத் தமிழாக்கிய பாவண்ணன் ஆகியோரைக் காட்டி இதைச் சொல்வார்கள். நாகர்கோவிலில் ஜவுளிக்கடை நடத்திய சுந்தர ராமசாமியையும், காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த காஃப்காவையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பட்டியல் பொய்யில்லை. மாதச் சம்பளம் தந்த நிம்மதி இவர்களுக்கு உதவியது உண்மை. ஆனால் சுஜாதா விஷயத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலுவலகத்தில் அவர் பொறியாளர். எழுத்தில் அவர் முழுநேரப் பத்திரிகையாளர். ‘கணையாழி’யின் கடைசிப் பக்கத்தையும், வார இதழ்களின் தொடர்களையும், கேள்வி பதில்களையும் கெடு தவறாமல் எழுதியவர். சிறிய வாக்கியம், சட்டென்று தொடங்கும் பத்தி, பேச்சின் வேகம் என்று நாம் புகழும் அவருடைய நடை இடமும் நேரமும் அளந்து கொடுக்கப்பட்ட பக்கங்களில் உருவான நடை. அசோகமித்திரனும் அப்படித்தான். ஜெமினி ஸ்டுடியோவில் நாளிதழ்ச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் ஒட்டும் வேலையைச் செய்தார்; அங்கிருந்து வெளியே வந்த பிறகு ‘கணையாழி’யின் ஆசிரியப் பொறுப்பை நீண்ட காலம் சுமந்தார். மிகைச்சொல் ஒன்றுகூட இல்லாத அவருடைய உரைநடைக்கும், பிறர் எழுத்தை வெட்டித் திருத்திய அந்தப் பழக்கத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இரண்டாவது மறுப்பு அவசரத்தைப் பற்றியது. ஆங்கில விமர்சகர் சிரில் கானலி 1938இல் எழுதிய நூலில், வளரக்கூடிய எழுத்தாளரை அழிக்கும் காரணங்களில் ஒன்றாகப் பத்திரிகை வேலையைச் சொன்னார். மறுபடி படிக்கப்படுவது இலக்கியம், முதல் பார்வையிலேயே பிடிபட்டுவிடுவது பத்திரிகை எழுத்து என்பது அவருடைய பிரிவினை. இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. வாராவாரம் அத்தியாயம் கொடுக்க வேண்டிய கட்டாயத்தில், நம்முடைய தொடர்கதைகள் எத்தனை இடங்களில் ஊதிப் பெருத்திருக்கின்றன என்பது வாசகர்களுக்குத் தெரியும். கல்கியின் நாவல்களிலேயே, அடுத்த வாரம்வரை வாசகரைக் கட்டிவைப்பதற்காக நீட்டப்பட்ட பகுதிகள் உண்டு. நாளைக்கு நாலு செய்தி எழுதுகிறவரின் வாக்கியம் ஓரிரு ஆண்டுகளில் அச்சில் வார்த்ததுபோல் ஆகிவிடுவதும் உண்மை: ‘பரபரப்பு ஏற்பட்டது’, ‘சோகத்தை ஏற்படுத்தியது’, ‘பொதுமக்கள் கோரிக்கை விடுத்தனர்’ என்று கை தானே எழுதிக்கொண்டு போகும்.

ஆயினும் கானலியின் பிரிவினை தமிழுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. முதல் வாசிப்பிலேயே புரியும் உரைநடை ஆங்கிலத்தில் இரண்டு நூற்றாண்டுகளாகப் பழகிப்போனது. அங்கே அதைச் சாதாரணம் என்று ஒதுக்கலாம். தமிழில் புணர்ச்சி பிரிக்காத நெடும் வாக்கியங்களின் இடத்தில் அப்படியொரு உரைநடையை உட்கார வைக்கப் பத்திரிகை அலுவலகங்களில் பல பேர் ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. அது நம் இலக்கியத்தின் சாதனைகளில் சேரும். தேய்ந்த சொற்றொடரைப் பொறுத்தவரை, அதை உண்டாக்குவது அவசரம் மட்டும் இல்லை. எழுதியதைத் திருப்பிக் கொடுத்து, ‘பொதுமக்கள் என்றால் யார்? எத்தனை பேர்? என்ன கேட்டார்கள்?’ என்று கேட்கும் உதவி ஆசிரியர் இல்லாததுதான் பெரிய காரணம். காபிரியேல் கார்சியா மார்க்கேஸ் 1955இல் பொகோட்டாவின் ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழில், கடலில் தப்பிப் பிழைத்த ஒரு மாலுமியின் கதையைப் பதினான்கு பகுதிகளாக எழுதினார். நாளிதழ்த் தொடர்தான். ஆனால், மாலுமியோடு பல நாள் உட்கார்ந்து, மணிக்கணக்கில் கேட்டு, முரண்பாடுகளைச் சோதித்து எழுதிய தொடர். கப்பலில் கடத்தல் சரக்கு ஏற்றியிருந்தது அந்த விசாரணையில்தான் வெளியே வந்தது. நோபல் பரிசு பெற்ற பிறகும் அவர் தன்னைப் பத்திரிகையாளர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டார். கார்த்தஹேனாவில் இளம் செய்தியாளர்களுக்காக ஒரு நிறுவனத்தையே தொடங்கினார்.

மூன்றாவது மறுப்பு புதுமைப்பித்தனின் பெயரைச் சொல்லும். நாற்பத்திரண்டு வயதில் காசநோயில் போனவர். எழுதிப் பிழைப்பதன் அவலத்தை ‘ஒரு நாள் கழிந்தது’ கதையில் வைத்தவர். அவரைப் பத்திரிகை வேலை தின்றுவிட்டது என்பார்கள். காலக்கணக்கு வேறு சொல்கிறது. அவருடைய சிறுகதைகளில் பெரும்பகுதி 1934க்கும் 1940களின் நடுப்பகுதிக்கும் இடையில் எழுதப்பட்டவை. ‘மணிக்கொடி’க்கும் பின்பு ‘தினமணி’ மேசைக்கும் உரிய ஆண்டுகள் அவை. உரிமையாளரோடு ஏற்பட்ட பிணக்கில் ஆசிரியர் டி.எஸ்.சொக்கலிங்கம் 1943இல் வெளியேறியபோது, புதுமைப்பித்தனும் வேலையை உதறினார். சொக்கலிங்கம் தொடங்கிய ‘தினசரி’யில் சேர்ந்து, அங்கிருந்தும் விலகினார். பிறகு திரைப்படத்தை நம்பிப் போனார். ‘ராஜமுக்தி’ படத்துக்காகப் புனேயில் தங்கியிருந்தபோதுதான் நோய் முற்றியது. அவருடைய கதைகள் வறண்டது பத்திரிகை மேசையிலிருந்து எழுந்த பிறகு. அவரை வருத்தியது தொழிலா, அந்தத் தொழிலுக்குக் கிடைத்த கூலியும் பாதுகாப்பின்மையுமா என்று பிரித்துப் பார்த்தால், பழியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும்.

உண்மையான குறை அங்கேதான் இருக்கிறது. உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கென்று 1955இல் தனிச் சட்டம் வந்தது. நான்கு வாரத்துக்கு 144 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று அது வரம்பு வைத்தது. வாரத்துக்கு 36 மணி நேரம். கதை எழுத நினைக்கும் உதவி ஆசிரியருக்கு அதைவிடப் பெரிய இலக்கியக் கொடை வேறு இருந்திருக்க முடியாது. அது எத்தனை அலுவலகங்களில் நடைமுறையில் இருந்தது என்பதை அங்கே வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகும், அதைக் கேட்டு ஊழியர்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது. ஒப்பந்த நியமனம் வந்தது; ‘ஸ்ட்ரிங்கர்’ என்ற பெயரில் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தது. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்தத் தனிச் சட்டத்தைத் தம்முள் கரைத்துக்கொண்டன. இத்தனைக்கும் தமிழ் எழுத்தாளர்கள் கூட்டாகக் குரல் கொடுத்த தருணங்கள் மிகச் சில. ‘அது நம் உண்மையான வேலை இல்லையே’ என்ற எண்ணம் உள்ளே இருக்கும்போது, அந்த வேலையின் நேரத்துக்காகவும் சம்பளத்துக்காகவும் யார் தெருவில் நிற்பார்கள்?

இளப்பத்தின் இன்னொரு விளைவு பக்கங்களில் தெரிகிறது. நல்ல வாக்கியத்தை நாவலுக்கு எடுத்துவைத்துவிட்டு, மிச்சத்தைச் செய்திக்குக் கொடுப்பவர் வாசகரை இரண்டாம் பந்தியில் உட்கார வைக்கிறார். கதை ஒன்றையும் வாழ்நாளில் படிக்காத லட்சக்கணக்கானோர் நாளிதழ் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழின் சிறந்த வாக்கியம் கிடைக்கக் கூடாது என்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? கன்னடத்தில் டி.வி.குண்டப்பா வாழ்நாள் முழுதும் பத்திரிகையாளராகவே இருந்தார். பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு நூலும் எழுதினார். கன்னட வீடுகளில் இன்றும் மனப்பாடமாகச் சொல்லப்படும் ‘மங்குதிம்மன கக்க’வும் அவர் எழுதியதுதான்.

அப்படியொரு வாக்கியத்துக்கு வேலை தொம்மலூரிலேயே இருக்கிறது. தொம்மலூர்ப் பக்கத்து மழைநீர்க் கால்வாய்கள் சல்லகட்டா பள்ளத்தாக்கில் இறங்கி, பெள்ளந்தூர் ஏரியில் போய்ச் சேர்கின்றன. அந்த ஏரியின் நுரை தீப்பிடித்தபோது உலகமெங்கும் படங்கள் வந்தன. கால்வாயில் இறங்குகிறவர்கள், அதன் கரையில் குடியிருப்பவர்கள், பெருமழை நாளில் எந்த வீட்டில் எந்தப் படிவரை தண்ணீர் ஏறியது என்று சுவரில் கோடு காட்டக்கூடியவர்கள் பற்றி, அவர்களில் பலர் வீட்டில் பேசும் தமிழிலேயே ஒரு முழுக் கட்டுரை வர வேண்டும். பெங்களூரில் தமிழ் நாளிதழ்களுக்குப் பதிப்புகள் இருக்கின்றன. தமிழில் எழுதத் தெரிந்த இளைஞர்கள் இந்தத் தெருக்களிலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். அதை எழுதப்போகிறவருக்குக் குறைந்தது ஒரு வாரம் அவகாசமும், பயணப்படியும், முதல் படியைத் திருத்தித் திருப்பித் தரும் ஓர் உதவி ஆசிரியரும், கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அவர் பெயரும் வேண்டும்.